டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை இரவு. பெஸ்தாரி ஜெயாவிலிருந்து தம்பி கைப்பேசியில் அழைத்தான். நள்ளிரவு கழிந்ததும் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறப்போகிறது. எண்ணெய் நிலையத்தில் வண்டிகளின் வரிசை சாலைவரை வந்துவிட்டதாம். வரிசையில் நின்று தொட்டியை நிரப்பிக்கொள்வதா, அல்லது பிக்கப்பையே விற்றுவிட்டுப் பெட்ரோலில் ஓடும் சிறிய லாரி ஒன்றை வாங்குவதா என்று கேட்டான். அண்ணன் மோட்டார் பழுதுபார்ப்புத் தொழில் கற்றுக்கொடுப்பவன்தானே, பதில் தயாராக இருக்கும் என்று நினைத்துவிட்டான்.

அந்தப் பிக்கப் எங்கள் அப்பா வாங்கியது. கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் புல் வெட்டவும் மருந்தடிக்கவும் குத்தகை எடுத்து நடத்தியவர் அவர். விடியுமுன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு, மருந்துத் தோம்புகளையும் தண்ணீர் டிரம்களையும் பின்தட்டில் அடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மழை பெய்தால் எங்கள் பக்கத்துக் களிமண் சாலை எப்படி இருக்கும் என்பதைச் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா காலமான பிறகு அதே வேலையை, அதே வண்டியில், தம்பி தொடர்கிறான். அவன் குடும்பத்துக்குச் சோறு போடுவது அந்த வண்டிதான்.

அன்று இரவு நான் சொன்னது ஒன்றுதான்: வரிசையில் நிற்காதே. தொட்டியில் பாதி எண்ணெய் இருந்தது. நிரப்பினால் இன்னும் 40 லிட்டர் பிடிக்கும். மிச்சமாவது 48 வெள்ளி. அதற்காக இரண்டு மணி நேரம் தூக்கம் கெட்டு, மறுநாள் காலை ஆட்களை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டுவதா? விற்பதா வேண்டாமா என்பதை ஒரு மாதம் கழித்துப் பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் அந்த விலைதான் பேச்சு. நான் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். டீசல் என்றால் என்ன? எண்ணெய் என்றார்கள். ஒரு வகை இயந்திரம் என்றான் ஒருவன். அது ஒரு மனிதரின் பெயர் என்று யாரும் சொல்லவில்லை. அன்று பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அவருடைய கதையைச் சொன்னேன். தம்பியின் கேள்விக்கும் அந்தக் கதைக்கும் தொடர்பு இருக்கிறது என்பது சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது.

ருடோல்ஃப் டீசல் 1858 மார்ச் 18ஆம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். ஆனால் அவர் பிரெஞ்சுக்காரர் அல்லர். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அப்பா தியோடர் புத்தகம் கட்டுபவர், தோல் பொருட்கள் செய்பவர். செய்து முடித்த பொருட்களைத் தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடோல்ஃபின் வேலை. ஓய்வு நேரத்தில் அவன் ஓடிப்போன இடம் பாரிஸின் தொழில்நுட்ப அருங்காட்சியகம். அங்கே நீராவியில் ஓடிய பழைய வண்டி ஒன்று இருந்தது. இன்றும் இருக்கிறது.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர்கள் பாரிஸை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு லண்டனுக்குப் போனது. தோட்டம் கைமாறியபோது மூட்டை முடிச்சுகளோடு லயன் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பிய குடும்பங்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஏறக்குறைய அந்த நிலைதான். லண்டனில் பிழைப்பது கடினமாக இருந்ததால், 12 வயது ருடோல்ஃபைத் தனியே ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகருக்கு, உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டுக்காரர் ஒரு தொழிற்பள்ளியில் கணித ஆசிரியர். பையனும் அங்கேயே சேர்ந்தான். 14 வயதில், தான் பொறியியலாளராகப் போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டான்.

அடுத்த கட்டத்தில் வீட்டுக்கும் அவருக்கும் மோதல் வந்தது. படித்தது போதும், வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கட்டும் என்பது பெற்றோரின் எண்ணம். ஆனால் வகுப்பில் முதல் மாணவரான ருடோல்ஃபுக்கு மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் உதவித்தொகை கிடைத்தது. 1875இல் அங்கே போய்ச் சேர்ந்தார். எஸ்.பி.எம். முடித்த கையோடு இதே பேச்சை வீட்டில் கேட்கும் மாணவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். பெற்றோர் பக்கமும் நியாயம் இருந்தது. அவர்கள் பசியை அறிந்தவர்கள்.

மியூனிக்கில் அவருக்குப் பாடம் எடுத்தவர் கார்ல் வோன் லிண்டே. குளிர்பதன இயந்திரத்தை உருவாக்கிப் புகழ்பெற்றவர். ஒரு நாள் வகுப்பில் அவர் நீராவி இயந்திரத்தைப் பற்றி விளக்கினார். அடுப்பில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் சக்கரத்தைச் சுற்றும் வேலையாக மாறுவதில்லை. மிச்சமெல்லாம் புகையோடும் ஆவியோடும் போய்விடுகிறது. கேட்டுக்கொண்டிருந்த டீசல் தன் குறிப்பேட்டின் ஓரத்தில் இதைப் பற்றி ஆராய வேண்டும் என்று குறித்துவைத்தார். அந்தக் குறிப்பு அவரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடவில்லை.

தேர்வு நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்து படுத்தார். காத்திருந்த காலத்தில் சுவிட்சர்லாந்தின் சுல்சர் ஆலையில் இயந்திர வேலை பழகினார். 1880 ஜனவரியில் தேர்வெழுதி மிகச் சிறந்த மதிப்பெண்களுடன் வெளியே வந்தார். பிறகு லிண்டேயின் நிறுவனத்திலேயே வேலை. பாரிஸில் பனிக்கட்டித் தொழிற்சாலையைக் கவனித்துக்கொண்டார். 1883இல் மார்த்தா என்பவரை மணந்தார். மூன்று பிள்ளைகள். குளிர்பதனத் துறையில் புதிய உரிமங்களும் பெற்றார். ஆனால் நிறுவன ஊழியராக இருந்தபோது பெற்ற உரிமங்களைச் சொந்தமாகப் பயன்படுத்த முடியாது. எனவே அந்தத் துறைக்கு வெளியே தன் பெயரில் ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற வேகம் வந்தது. குறிப்பேட்டு ஓரத்தில் எழுதிய பழைய கேள்வி மறுபடி எழுந்தது.

அவர் கண்ட வழியை விளக்க நம் ஊர்ப் பொருள் ஒன்று உண்டு. தீப்பெட்டி வருவதற்கு முன்பு மலாய்க்காரர்கள் பயன்படுத்திய கோபேக் ஆப்பி. ஒரு முனை அடைத்த சிறிய குழாய், அதற்குள் இறுக்கமாகப் பொருந்தும் தண்டு, தண்டின் நுனியில் கொஞ்சம் பஞ்சு. தண்டை ஓங்கி அடித்து உள்ளே இறக்கினால் குழாயில் உள்ள காற்று சட்டென்று நசுங்கிச் சூடேறும். பஞ்சில் தீப்பொறி பிடிக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதும் இதே காரணத்தால்தான்.

டீசல் இயந்திரத்தில் நடப்பதும் இதுதான். சிலிண்டருக்குள் காற்றை மட்டும் இழுத்து, அதைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக நசுக்குகிறோம். வெப்பம் 500 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. அந்த நேரத்தில் எண்ணெயைப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். தீப்பொறி தேவையில்லை. நிக்கோலஸ் ஓட்டோ 1876இல் உருவாக்கிய இயந்திரத்தின் வழியில் வந்தது நமது பெட்ரோல் கார். அதில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை நசுக்கி, பிளக் கொடுக்கும் பொறியால் பற்றவைக்கிறோம். கலவையை மிக அதிகமாக நசுக்கினால் அது நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து இயந்திரத்தைத் தட்டும். ஆகவே பெட்ரோல் இயந்திரத்தில் நசுக்கலுக்கு ஓர் எல்லை உண்டு, ஏறக்குறைய பத்து, பன்னிரண்டு மடங்கு. எவ்வளவு நசுக்குகிறோமோ அவ்வளவு வெப்பம் வேலையாக மாறும். பிக்கப் வாங்கப் போகிறவர் கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. டீசல் வண்டி ஏன் குறைவாகக் குடிக்கிறது? நசுக்கல் அதிகம் என்பதால். ஏன் கனமாக இருக்கிறது, விலையும் ஏன் கூடுதல்? அந்த அழுத்தத்தைத் தாங்கும் தடித்த இரும்பு வேண்டும், எண்ணெயைப் பீய்ச்சும் நுட்பமான பம்பும் வேண்டும். போதாக்குறைக்கு ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுதல் வெப்பம் அடங்கியிருக்கிறது.

1892இல் டீசல் உரிமத்துக்கு விண்ணப்பித்தார். 1893 பிப்ரவரியில் கிடைத்தது. தன் கொள்கையை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார். அந்த முதல் கணக்கில் பிழை இருந்தது. எரியும்போது வெப்பநிலை ஏறாமலே பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். செய்துபார்த்தால் அது நடக்காது என்று அவருக்கே விரைவில் தெரிந்துவிட்டது. கணக்கைத் திருத்தி இரண்டாவது உரிமம் வாங்கினார். ஆனால் எழுதிய நூலைத் திரும்ப வாங்க முடியாதல்லவா? உரிமத்தில் சொன்னது ஒன்று, ஓடும் இயந்திரம் வேறொன்று என்று எதிராளிகள் கடைசிவரை அவரைக் குத்திக்காட்டினார்கள். வழக்குகளும் வந்தன.

ஆக்ஸ்பர்க் இயந்திர ஆலையின் தலைவர் ஹெய்ன்ரிக் வோன் பூஸ் அவரை நம்பினார். குருப் நிறுவனமும் பணம் போட்டது. 1893 ஆகஸ்ட் 10ஆம் தேதி முதல் சோதனை. இதில் ஒரு வேடிக்கை: முதல் டீசல் இயந்திரத்தில் ஊற்றிப் பார்த்தது பெட்ரோல்! சிலிண்டருக்குள் அழுத்தம் எதிர்பார்த்ததைத் தாண்டி எகிற, அதை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. இயந்திரம் தன் சக்தியால் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. ஆனால் நசுக்கிய காற்றே தீ மூட்டும் என்பது மெய்ப்பட்டுவிட்டது. 1894 பிப்ரவரி 17ஆம் தேதி இயந்திரம் ஒரே ஒரு நிமிடம் தானாக ஓடியது. அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முறைப்படி சோதித்தார். எரிபொருளின் வெப்பத்தில் 26.2 விழுக்காடு வேலையாக மாறியது. அன்றைய நீராவி இயந்திரங்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மூன்று மீட்டர் உயரம் நின்ற அந்த இயந்திரம் மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உலகமே வாங்க வந்தது. அமெரிக்க உரிமையை மதுபான ஆலை அதிபர் அடால்பஸ் புஷ் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். 1898இல் தன் உரிமங்களையெல்லாம் ஒரு நிறுவனத்துக்கு 35 லட்சம் மார்க்குக்கு விற்றார் டீசல். தள்ளுவண்டி தள்ளிய சிறுவன் நாற்பது வயதில் கோடீஸ்வரன்.

ஆனால் அவர் கனவு கண்டது வேறொன்று. நீராவி இயந்திரம் பெரிய முதலாளிக்குத்தான் கட்டுப்படியாகும். அதனால் தன் அப்பாவைப் போன்ற சிறு கைத்தொழிலாளிகள் நசிந்துபோவதை அவர் கண்ணால் பார்த்தவர். சிறிய பட்டறையில் வைத்து ஓட்டக்கூடிய சிக்கனமான இயந்திரம் கிடைத்தால் அவர்களும் நிமிர்ந்து நிற்கலாம் என்று நம்பினார். தொழிலாளர்கள் காசு காசாகச் சேர்த்துத் தாங்களே ஆலைகளுக்கு உரிமையாளர்களாகும் திட்டம் ஒன்றை 1903இல் ஒரு நூலாகவே எழுதினார். பத்தாயிரம் பிரதிகள் அச்சிட்டார்கள். விற்றவை சில நூறுதான். இயந்திரத்தைக் கண்டுபிடித்ததைவிட அந்த நூலைத்தான் அவர் பெரிதாக நினைத்தார் என்று படித்தபோது எனக்கு மனம் கனத்தது.

இயந்திரமும் அவர் நினைத்த வழியில் போகவில்லை. எண்ணெயைப் பீய்ச்ச அன்று அழுத்தக் காற்று தேவைப்பட்டது. அதற்கு ஒரு பெரிய கம்ப்ரசர். எனவே சிறிய பட்டறைக்குள் அது நுழையவில்லை. மின் நிலையங்களுக்கும் கப்பல்களுக்கும் நீர்மூழ்கிகளுக்கும் போனது. 1912இல் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் டீசல் இயந்திரங்களின் பலத்தில் கோப்பன்ஹேகனிலிருந்து பேங்காக் நோக்கிப் புறப்பட்டது. அதன் பாதை மலாக்கா நீரிணை. புக்கிட் மெலாவத்தி மேலேறிப் பார்த்தால் தெரிகிறதே, அதே கடல்.

இன்னொரு நிகழ்ச்சி நம் தோட்டங்களோடு நேரடியாகத் தொடர்புடையது. 1900இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக்காட்டியது. பிரெஞ்சு அரசு விரும்பிக் கேட்டதால் செய்தது. ஆப்பிரிக்காவில் இருந்த அதன் குடியேற்ற நாடுகளில் கடலை நிறைய விளைந்தது, நிலக்கரி இல்லை. பார்த்தவர்களில் பலருக்கு அது கடலை எண்ணெய் என்றே தெரியாது. அந்த அளவுக்குச் சீராக ஓடியது. தாவர எண்ணெய்கள் இன்று அற்பமாகத் தோன்றினாலும் ஒரு காலத்தில் பெட்ரோலியம், நிலக்கரித் தார்ப் பொருட்கள் அளவுக்கு முக்கியமாகலாம் என்று 1912இல் டீசல் பேசினார்.

அவர் அப்படிப் பேசி ஐந்து ஆண்டுகள் கழித்து, 1917இல், கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தெனாமாரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசையும் பெற்றார். தெனாமாரம் எங்கே என்று கேட்கிறீர்களா? என் தம்பி எண்ணெய் நிரப்பும் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில். அன்று அந்த ஊரின் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை.

பனை எண்ணெயை அப்படியே ஊற்றினால் இன்றைய இயந்திரம் தாங்காது. அது மிகவும் கெட்டி, பீய்ச்சும் குழாயின் நுண்ணிய துளைகள் அடைபடும். மெத்தனால் சேர்த்து வேதிமாற்றம் செய்து, கிளிசரினைப் பிரித்தெடுத்தால் மெல்லிய எரிபொருள் கிடைக்கிறது. நம் நாட்டு ஆய்வாளர்கள் 1980களிலேயே இதில் இறங்கிவிட்டார்கள். 2011இல் 5 விழுக்காடு கலந்த டீசல் விற்பனைக்கு வந்தது. பிறகு 7 ஆனது. 2019 முதல் வாகனங்களுக்கான டீசலில் 10 விழுக்காடு. பி10 என்று எண்ணெய் நிலையத்தில் எழுதியிருப்பது அதைத்தான். ஆக, தம்பி 100 லிட்டர் ஊற்றினால் அதில் 10 லிட்டர் செம்பனையிலிருந்து வந்தது. அவன் மருந்தடித்துக் காப்பாற்றிய மரத்தின் எண்ணெயாகவும் அது இருக்கலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இந்தக் கலவை ஈரத்தைக் கூடுதலாக இழுக்கும். டீசல் பில்டரில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். என் பட்டறைக்கு வரும் டீசல் வண்டிகளில் பாதிக்கு நோய் அங்கேதான்.

இனி டீசலின் கடைசி நாட்கள். வெப்பத்தில் ஒரு துளி வீணாவதையும் பொறுக்காத மனிதர் பணக்கணக்கில் கோட்டைவிட்டார். மியூனிக்கில் அரண்மனை போன்ற வீடு கட்டினார். நிலத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் போட்ட பணம் முழுகியது. தலைவலியும் நரம்புத் தளர்ச்சியும் அவரை மருத்துவ இல்லங்களுக்கு அனுப்பின. வெளியே பட்டங்களும் மாலைகளும் வந்துகொண்டிருந்ததால், வீட்டுக்குள் வட்டி ஏறுவது யாருக்கும் தெரியவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

1913 செப்டம்பர் 29ஆம் தேதி மாலை பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இங்கிலாந்தில் ஒரு கூட்டம். உடன் இரண்டு நண்பர்கள். சேர்ந்து இரவு உணவு உண்டார்கள். காலை ஆறேகால் மணிக்கு எழுப்பும்படி சொல்லிவிட்டுப் பத்து மணி அளவில் அறைக்குப் போனார். காலையில் அறையில் அவர் இல்லை. படுக்கை கலையவில்லை. மேல்தளத்தில் அவருடைய தொப்பியும் மேலங்கியும் கிடந்தன. பத்து நாட்கள் கழித்து ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஓர் உடலைக் கண்டு, சட்டைப் பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். அந்தப் பொருட்களை அடையாளம் காட்டியவர் மகன் யூஜின்.

நீர்மூழ்கி இரகசியத்துக்காகக் கொன்றார்கள், எண்ணெய் முதலாளிகள் கொன்றார்கள் என்று அன்றே வதந்திகள் கிளம்பின. இன்றும் அதைச் சுற்றிப் புத்தகங்கள் வருகின்றன. மாணவர்களுக்கு மர்மக் கதை பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பயணத்துக்கு முன்பு அவர் மனைவியிடம் ஒரு பை கொடுத்திருந்தார், ஒரு வாரம் கழித்துத் திறக்கச் சொல்லி. அதில் ரொக்கப் பணமும், வங்கிக் கணக்குகள் காலியாகிவிட்டதைக் காட்டும் தாள்களும் இருந்தன. அவருடைய நாட்குறிப்பில் 29ஆம் தேதிக்கு நேராக ஒரு சிலுவைக்குறி. எனக்கு அந்தப் பை போதும். அவருக்கு அப்போது வயது 55.

அவர் இயந்திரம் சாலையில் ஓடியதை அவர் பார்க்கவில்லை. 1924 வாக்கில்தான் ஜெர்மனியில் டீசல் லாரிகள் வெளிவந்தன. 1927இல் பாஷ் நிறுவனம் பீய்ச்சு பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியதும் கம்ப்ரசர் தொல்லை ஒழிந்து இயந்திரம் சுருங்கியது. 1936இல் மெர்சிடிஸ் 260 டி கார் வந்தது. சிறு தொழில் செய்பவன் கைக்கு அடங்கும் டீசல் இயந்திரம் வருவதற்கு அவர் இறந்து பல ஆண்டுகள் ஆயின. இன்று அது தோட்டத்துச் சாலையில் தம்பியின் பிக்கப்பாக நிற்கிறது.

அந்தத் தம்பிக்கு ஒரு மாதம் கழித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்ததல்லவா? அப்பா எண்ணெய் நிரப்பும்போதெல்லாம் 555 குறிப்புப் புத்தகத்தில் லிட்டரையும் கிலோமீட்டரையும் எழுதிவைப்பார். மூன்று புத்தகங்கள் கிடைத்தன. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். சுமையோடு 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர். இதே வேலையைச் செய்யும் ஒரு நண்பரின் பெட்ரோல் சிறு லாரிக்கு 12 லிட்டர். தம்பி மாதத்துக்கு ஓடுவது 2,600 கிலோமீட்டர்.

பழைய விலையில் தம்பியின் மாதச் செலவு 503 வெள்ளி 10 காசு. புதிய விலையில் 783 வெள்ளி 90 காசு. பெட்ரோல் வண்டியாக இருந்தால், அப்போதைய ரோன்95 விலை 2 வெள்ளி 5 காசின்படி, 639 வெள்ளி 60 காசு. இத்தோடு நிறுத்தினால் பெட்ரோல் 144 வெள்ளி மலிவு, வண்டியை விற்றுவிடலாம். ஆனால் தகுதியுள்ள டீசல் வாகன உரிமையாளர்களுக்கு அரசாங்கம் மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அறிவித்திருந்தது. அதைக் கழித்தால் 583 வெள்ளி 90 காசு. டீசலே 55 வெள்ளி மலிவு. அதோடு, புது வண்டிக்கு வங்கிக் கடன் இல்லை. சேற்றில் பின்சக்கரம் மட்டும் சுற்றும் சிறு லாரியைத் தள்ள ஆள் தேட வேண்டியதில்லை. டீசல் இயந்திரம் குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை தரும், பிக்கப்பில் நான்கு சக்கர இயக்கமும் இருக்கிறது.

கணக்கு சரியாக வந்தது, ஆனால் ஓர் இடத்தில் இடறினோம். உதவித்தொகை பதிவு உரிமையாளருக்குத்தான். வண்டி இன்னும் அப்பாவின் பெயரில் இருந்தது. அவர் போய் மூன்று ஆண்டுகள் ஆகியும் பெயர் மாற்ற வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. பிள்ளைகளுக்குக் கோப்புகளைப் பற்றி வகுப்பெடுக்கும் நான்தான் இதில் முதல் குற்றவாளி. வாரிசுப் பத்திரங்களுக்கு அலைந்து, அம்மாவின் கையொப்பம் வாங்கி, பெயர் மாற்றி முடிக்க ஐந்து மாதங்கள் ஆயின. மாதம் 280 வெள்ளி 80 காசு வீதம் தம்பி கூடுதலாகக் கொடுத்தது 1,404 வெள்ளி. அதில் இரண்டு மாதங்கள் ஆட்களுக்குக் கூலி கொடுக்க அவன் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆகவே யாராவது என்னிடம் டீசலா பெட்ரோலா என்று கேட்டால், எண்ணெய் விலையை நான் கடைசியில்தான் பேசுகிறேன். மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர், பின்னால் எவ்வளவு சுமை, என்ன சாலை என்று கேட்கிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர், மாலையில் சந்தைக்கு மூன்று கிலோமீட்டர் என்றால் டீசல் பிக்கப் வேண்டவே வேண்டாம். புதிய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். குட்டிப் பயணங்களிலேயே காலம் தள்ளினால் அடைத்துக்கொள்ளும், மாற்றுவதற்குச் செலவு கடுமை. டீசல் புகையில் உள்ள கரித்தூளும் நைட்ரஜன் வாயுக்களும் நெஞ்சுக்கு ஆகாதவை. நகரத்து நெரிசலுக்கு அது ஏற்றதல்ல. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகத் தம்பி பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கிக்கொண்டான்.

பிக்கப் இன்னும் ஓடுகிறது. அப்பாவின் மூன்றாவது 555 புத்தகத்தில் பதினேழு பக்கங்கள் காலியாக இருந்தன. அவற்றில் இப்போது தம்பி எழுதிக்கொண்டிருக்கிறான். அடகு வைத்த வளையலை மீட்ட தேதியும் ஒரு பக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது.